தனுஷ்கோடி: ஒரு சிற்றூரின் வரலாறும் குடிசனமும்

சரித்திரம் என்றவுடன் நம்மிற் பலருக்கு முடியரசர்களும் போர்க்களங்களும் பெருநகரங்களுமே நினைவுக்கு வருகின்றன. மதுரைக்கும் அனுராதபுரத்துக்கும் வரலாறு எழுத அறிஞர் பலர் உளர். ஒரு மணற்றிட்டின் மேற் கிடந்த சிற்றூருக்கு வரலாறு உண்டா, உண்டாயின் அதை எழுதுவதாற் பயன் என்ன என்று கேட்போரும் உளர். ஊர்கள் சிறியனவாயினும் அவற்றில் வாழ்ந்தோரின் வாழ்வு சிறியதன்று. ஓர் ஊர் எவ்வாறு தோன்றிற்று, எதனால் வளர்ந்தது, எத்தனை பேருக்கு இடங்கொடுத்தது, எதனால் அழிந்தது என்பவற்றை ஆராய்வோமாயின், பெரிய நூல்கள் சொல்லாத சில உண்மைகள் புலப்படும்.

இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட ஊர் தனுஷ்கோடி. அது நம் நாட்டு ஊரன்று. எனினும் கொழும்பில் வாழும் நம்மவருக்கு அது முற்றும் அயலூருமன்று. 1914 முதல் 1964 வரை, ஐம்பது ஆண்டுக்காலமாக, கோட்டைப் புகையிரத நிலையத்திற் புறப்பட்டு மருதானையைக் கடந்து வடக்கே செல்லும் வண்டியில் ஏறிய யாத்திரிகரும் வணிகரும் மாணவரும் பாரதநாட்டு மண்ணில் முதன்முதற் கால்வைத்த இடம் அதுவே. எண்பது வயதைக் கடந்த பெரியோர் பலருக்கு அவ்வூர் கண்ணாற் கண்ட ஊர். இளைஞருக்கோ அது இடிந்த சுவர்களின் படம் மாத்திரமே. இவ்விரு சாராருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சிறிது குறைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேதுவின் முனை

பாம்பன் தீவின் தென்கிழக்குக் கோடியில், இராமேஸ்வரத்துக்கு ஏறக்குறைய 18 கிலோமீற்றர் அப்பால், கடலுக்குள் ஒரு விரல் நீட்டியது போலக் கிடப்பது தனுஷ்கோடி. அதன் வடபுறக் கடலை மகோததி என்றும் தென்புறக் கடலை இரத்தினாகரம் என்றும் நூல்கள் கூறும். வடகடல் பெரும்பாலும் அமைதியாயும் தென்கடல் கொந்தளிப்பாயும் இருத்தலால் அப்பகுதி மக்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் வழங்குவர். இரு கடலும் கூடும் முனை அரிச்சல்முனை எனப்படும்.

‘தனுஷ்’ என்பது வில். ‘கோடி’ என்பது முனை. இலங்கைப் போர் முடிந்தபின் விபீஷணன் வேண்டுகோளுக்கிணங்க இராமபிரான் தம் வில்லின் முனையாற் சேதுவை உடைத்த இடம் இது என்பது ஐதிகம். காசி யாத்திரை செய்தோர் சேதுவில் நீராடி இராமநாதரைத் தரிசித்த பின்னரே அவ்யாத்திரை நிறைவெய்தும் என்பது பாரதநாடு முழுவதும் நிலவும் நம்பிக்கை. சேதுவின் மணலைக் கங்கைக்குக் கொண்டு செல்வதும், கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிடேகஞ் செய்வதும் நெடுங்கால வழக்கம். ஆகவே, வீடுகள் எழும்புமுன்னரே அந்த மணற்றிட்டு மனிதர் காலடி படாத இடமாய் இருந்ததில்லை.

சேதுவைக் காப்பதைப் பெருமையாகக் கொண்டவர் இருவர். ஒருவர் இராமநாதபுரத்துச் சேதுபதிகள். மற்றவர் நம் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள். இவர்கள் தம் நாணயங்களில் நந்தியோடு ‘சேது’ என்னும் சொல்லையும் பொறித்தனர். கடலின் இரு கரையிலும் இருந்த அரசர் ஒரே பெயரைச் சூடிக்கொண்டமை, அக்கடல் அந்நாளிற் பிரிக்கும் எல்லையாக அன்றி இணைக்கும் வழியாகவே கருதப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து மீண்டு 1897 ஜனவரி 15ஆம் நாள் கொழும்பில் இறங்கி, பின்னர் யாழ்ப்பாணஞ் சென்று, அங்கிருந்து கடல்வழியாய் ஜனவரி 26ஆம் நாள் பாம்பனை அடைந்தார். அக்காலத்தில் அங்கே இருப்புப்பாதை இல்லை. பாம்பனுக்குப் பாலமும் இல்லை. தனுஷ்கோடியும் மீனவர் குடில்களும் யாத்திரிகர் வழியும் உள்ள மணற்கரையாகவே இருந்தது.

இருப்புப்பாதை கட்டிய ஊர்

தனுஷ்கோடி ஓர் ஊராக உருப்பெற்றது 1914ஆம் ஆண்டிலாகும். அதற்குமுன் சென்னையிலிருந்து கொழும்புக்கு வருவோர் தூத்துக்குடி வரை வண்டியில் வந்து, அங்கிருந்து ஓர் இரவு முழுவதும் கப்பலில் அலைகடலைக் கடந்து கொழும்பை அடைவர். அக்கடற்பயணத்தைக் குறுக்க விரும்பிய தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பனியார், மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவேயுள்ள கடலின்மேல் இரண்டு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளமுள்ள பாலத்தைக் கட்டினர். கப்பல்கள் செல்லும்போது நடுப்பகுதி இரு கதவுகள் போல மேலே திறந்துகொள்ளும். 1914 பெப்ரவரி 24ஆம் நாள் அப்பாலம் திறக்கப்பட்டது. இலங்கைப் பக்கத்திலும் மதவாச்சியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னார்த் துறை வரை பாதை போடப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட 22 மைல் கடலை மாத்திரம் கப்பல் கடந்தது. பிற்காலத்தில் இவ்வழியில் ஓடிய கோஷன், இர்வின் என்னும் கப்பல்களின் பெயரைப் பெரியோர் இன்றும் நினைவு கூர்வர்.

சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே பிரயாணச்சீட்டு கொழும்பு வரை செல்லும். ‘போட் மெயில்’ என்ற பெயர் இரு கரையிலும் வழக்குச் சொல்லாயிற்று. பாம்பனிற் பாதை இரண்டாகப் பிரியும். ஒரு கிளை இராமேஸ்வரத்துக்கும் மற்றது தனுஷ்கோடிக்கும் செல்லும். கோயிலூர் கிளைப்பாதையிலும், மணலூர் பிரதான பாதையிலும் அமைந்தமை காலத்தின் விசித்திரம்.

கப்பலும் வண்டியும் சந்திக்கும் இடத்தில் ஊர் தானாக எழும்பும். புகையிரத நிலையம், துறை, சுங்கச்சாவடி, குடிவரவுச் சோதனை அலுவலகம், தபால் தந்தி நிலையம், சிறு வைத்தியசாலை, பாடசாலை, கோயில், கிறிஸ்தவ தேவாலயம், யாத்திரிகர் சத்திரங்கள், சாப்பாட்டுக் கடைகள், புடைவைக் கடைகள் என ஒவ்வொன்றாய் வந்தன. இவற்றிற் சில பவளப்பாறைக் கல்லாற் கட்டப்பட்டவை. குடிநீர் மாத்திரம் அவ்வூரின் அதிசயம். இரு பக்கமும் உப்புக்கடல் இருக்க, மணலைச் சிறிது தோண்டினால் நன்னீர் சுரக்கும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனத்த உப்புநீரின் மேல் மிதந்து தங்குவதே அதற்குக் காரணம்.

இருந்தோரும் கடந்தோரும்

இனி அவ்வூரின் குடிசனத்தைக் கவனிப்போம். குடிசனமதிப்பு என்னும் முறை இலங்கையில் 1871ஆம் ஆண்டிலும், இந்தியாவில் ஏறக்குறைய அதே காலத்திலும் தொடங்கிற்று. பத்தாண்டுக்கு ஒருமுறை வீடுவீடாகச் சென்று ஆட்களை எண்ணுதல் அதன் முறை. ஆயின் தனுஷ்கோடி போன்ற ஊரில் அந்த எண்ணிக்கை உண்மையின் ஒரு பகுதியையே காட்டும். ஏனெனில் அவ்வூரில் மூவகை மக்கள் இருந்தனர்.

முதல்வகையார் மீனவர். இருப்புப்பாதைக்கு முன்னரே அங்கிருந்தவர்கள். காற்றுக்கும் மீனுக்கும் ஏற்பக் குடிலைப் பெயர்த்து நடுபவர்கள். இரண்டாம் வகையார் உத்தியோகத்தர், துறைமுகக் கூலிகள், கடைக்காரர், புரோகிதர் முதலியோர். இவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து தொழிலின் பொருட்டு வந்தவர்கள். இடமாற்றம் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறவர்களும் இவர்களுட் பலர். மூன்றாம் வகையார் ஒருநாளும் கணக்கில் வராதவர்கள். அவர்களே வழிப்போக்கர்.

இந்த வழிப்போக்கருட் பெருந்தொகையினர் தோட்டத் தொழிலாளர் என்பதை நாம் மறத்தலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களின் முன்னோர் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதையால் மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1914க்குப் பின் வந்தவர்கள் மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமிற் சில நாள் தங்கவைக்கப்பட்டு, தொற்றுநோய் இல்லையெனக் கண்டபின், தனுஷ்கோடிக்குக் கொண்டுவரப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். தேயிலைக்கும் றப்பருக்கும் கைகொடுத்த ஒரு சமூகம் அந்த ஒடுங்கிய மணற்கரையின் வழியாகவே நம் நாட்டுக்குள் வந்தது. அவர்களின் தொகைக்கு முன் ஊரில் வாழ்ந்தோர் தொகை மிகச் சிறியது.

வந்தவர்கள் அனைவரும் பின்னர் ஒரு பெருங்கணக்குக்குள் அகப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 975,000 பேரைப் பற்றியது. அவருள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்ப்பதென்றும் எழுதப்பட்டது. வந்த வழியாலேயே இவர்கள் திரும்பவும் செல்லவேண்டியிருந்தது. அந்த வழியின் வாயில் தனுஷ்கோடி. ஆயின் ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் நிறையுமுன்னே அவ்வாயில் இல்லாமற் போயிற்று.

1964 டிசம்பர் 22

அவ்வாண்டு டிசம்பர் 17ஆம் நாளளவில் அந்தமான் கடலின் தென்பகுதியில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றிற்று. அது மேற்கே நகர்ந்து வலுப்பெற்று 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியை வவுனியாப் பக்கமாகக் கடந்தது. நம் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் உயிர்களையும் வீடுகளையும் வள்ளங்களையும் அழித்துவிட்டு, பாக்கு நீரிணையில் இறங்கி, அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 240 கிலோமீற்றருக்கு மேற்பட்டதென மதிப்பிடுவர்.

காற்றினும் கொடியது கடல். பாக்கு நீரிணை ஆழங்குறைந்த கடல். பெருங்காற்று தள்ளும் நீர் ஆழ்கடலிற் கீழ்நோக்கிப் பரவிப்போக இடமுண்டு. ஆழமற்ற கடலில் அந்நீர் குவிந்து சுவர்போல் எழும். இருபது அடிக்கும் மேலான அலைகள் எழுந்தன என்பர். ஏறி நிற்க ஒரு மேட்டு நிலமும் இல்லாத மணற்றிட்டில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து 653ஆம் இலக்கப் பயணிகள் வண்டி தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. நிலையத்துக்குச் சில நூறு யார் தூரத்தில் கைகாட்டி விளக்கு எரியவில்லை. சாரதி சிறிது நேரம் காத்துநின்று, பின் நீண்ட ஊதல் ஊதி, இருளில் வண்டியை முன்னே செலுத்தினார் என்று சொல்லப்படுகிறது. அப்போது எழுந்த அலை வண்டி முழுவதையும் கொண்டுபோயிற்று. 110 பயணிகளும் 5 ஊழியர்களும் அதிலிருந்தனர் என்பது கணக்கு. ஆயின் சீட்டு வாங்காமல் ஏறியோரையும் சேர்த்தால் 200 பேர்வரை இருந்திருக்கலாம் என்ற மதிப்பீடும் உண்டு. தீவில் மாண்டோர் தொகை மொத்தம் ஏறக்குறைய 1,800 என வழங்குகின்றது.

‘ஏறக்குறைய’ என்ற இச்சொல்லில் நம் கவனம் செல்லவேண்டும். இந்தியக் குடிசனமதிப்பு 1961இல் எடுக்கப்பட்டது, அடுத்தது 1971இல். அந்தப் பேரிரவு இவ்விரண்டுக்கும் நடுவே விழுந்தது. குடில்களில் உறங்கிய மீனவர் எத்தனை பேர், சத்திரத்திற் படுத்திருந்த யாத்திரிகர் எத்தனை பேர் என்று சொல்லத்தக்க பேரேடு எதுவும் அக்கரையில் இருக்கவில்லை. பாலம் அறுந்தது, தந்திக் கம்பி அறுந்தது, அழிவின் முழு அளவு வெளியே தெரியவும் நாட்கள் சென்றன. உயிரோடிருந்தபோது வழிப்போக்கர் எனக் கணக்கில் சேராதவர்கள், இறந்தபோதும் ‘ஏறக்குறைய’ என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கிப்போயினர். பெயர் தெரிந்து ஈமக்கடன் பெற்றோர் எத்தனை பேர்? தை அமாவாசையிலும் ஆடி அமாவாசையிலும் ஆயிரக்கணக்கானோர் பிதிரருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் அந்தச் சேதுக்கரையிலேயே, பெயர் சொல்லித் தருப்பணஞ் செய்ய ஆளின்றிப் பலர் போயினர் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தியாகும்.

ஊருக்குப் பின்

சென்னை அரசாங்கம் தனுஷ்கோடியை மக்கள் வாழ்வதற்குத் தகாத இடமென அறிவித்தது. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி கடலுள் வீழ்ந்திருந்தது. ஈ. சிறீதரன் என்னும் இளம் பொறியியலாளரின் மேற்பார்வையில் 46 நாட்களில் அது மீளக்கட்டப்பட்டது. ஆயின் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி செல்லும் பாதை மீளப் போடப்படவில்லை. பாலம் 46 நாளில் மீண்டது, ஊர் மீளவேயில்லை. இவ்விரண்டையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை விளங்கும். தனுஷ்கோடியைக் கட்டியது வழி; அவ்வழி இராமேஸ்வரத்துக்குத் திரும்பியதும் ஊருக்கு உயிர் கொடுக்க வேறொன்றும் இருக்கவில்லை. சூறாவளி சுவர்களை வீழ்த்தியது. ஊரை முடித்துவைத்தது பிரயாணப்பாதையின் மாற்றமேயாகும்.

அதன்பின் ‘இராமானுஜம்’ என்னும் கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் ஓடிற்று. ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்புவோர் எனப் பெயரிடப்பட்ட மலைநாட்டுத் தமிழர், தாம் பிறந்து வளர்ந்த தோட்டங்களை விட்டு இக்கப்பலிலேயே சென்றனர். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு இந்தியா சென்று, மண்டபம் முகாமிற் பதிவு பெற்று, பல இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அவருட் சிலருக்கு வேலை கொடுக்கவே நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் 1968 முதல் தொடங்கப்பட்டன. 1984இல், நம் நாட்டுப் போர்ச்சூழலினால், அக்கப்பலும் நின்றது. 1990இல் மதவாச்சிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட புகையிரதச் சேவையும் நின்று, கால்நூற்றாண்டு கழித்து 2015 மார்ச் 14ஆம் நாளே தலைமன்னார் வரை வண்டி மீண்டும் ஓடலாயிற்று. அக்கரையில் 2017இல் அரிச்சல்முனை வரை நல்ல தெருப் போடப்பட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பனிற் புதிய புகையிரதப் பாலமும் திறக்கப்பட்டது.

இன்று தனுஷ்கோடிக்குச் செல்வோர் தேவாலயத்தின் சுவர்களையும், புகையிரத நிலையத்தின் எச்சங்களையும், பழைய தபாலகத்தின் இடிபாட்டையும் காண்பர். இராமேஸ்வரத்திலிருந்து வரும் வழியிலுள்ள கோதண்டராமர் கோயில் மாத்திரம் அன்றைய சூறாவளிக்குத் தப்பி நிற்கின்றது. பகலிற் பார்வையாளர் கூட்டம் பெருகுகின்றது. தொடக்கத்தில் அங்கிருந்த மீனவரின் வழியினர் சிலரே ஓலைக்குடில்களில் இன்னும் வாழ்கின்றனர். உத்தியோகம் வந்தது, போயிற்று. கப்பல் வந்தது, போயிற்று. கடலை நம்பியவர் மாத்திரம் கடல் செய்ததையும் பொறுத்துக்கொண்டு அங்கேயே இருக்கின்றனர்.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றை நம் சங்கத்து இளைஞருக்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கொழும்பிற் பிறந்த பிள்ளைகளிடம் ‘உன் ஊர் எது?’ என்று கேட்டால், வெள்ளவத்தை என்றோ கொட்டாஞ்சேனை என்றோ விடை வரும். அவர்களின் பாட்டனாரோ ஒரு தீவுப்பகுதிக் கிராமத்தில், ஒரு வன்னிக் கிராமத்தில், ஒரு தோட்டத்து லயத்தில், அல்லது இராமநாதபுரத்துச் சீமையிற் பிறந்தவராயிருப்பார். அந்த ஊர்களிற் பல, கடல் புகாமலே வெறுமையாயின. போரினாலும் இடம்பெயர்வினாலும் வெளிநாட்டுக் குடியேற்றத்தினாலும் வீடுகள் கூரையின்றி நிற்க, பனைகள் மாத்திரம் காவல் நிற்கும் கிராமங்கள் நம் நாட்டிலும் உண்டு.

குடிசனமதிப்பே இதற்குச் சான்று பகரும். இலங்கை முழுவதற்குமான மதிப்பு 1981இல் எடுக்கப்பட்டது. 1991இல் எடுக்கப்படவேயில்லை. 2001இல் எடுத்தபோது வடக்கிலும் கிழக்கிலும் பல பகுதிகள் முழுமையாக எண்ணப்படவில்லை. முழு நாட்டையும் மீண்டும் எண்ணியது 2012இல். இடைப்பட்ட 31 ஆண்டுகளில் எத்தனையோ கிராமங்கள் பெருகி, சிதறி, ஒழிந்தன. அவற்றிற் பிறந்தோரையும் இறந்தோரையும் பெயர்ந்தோரையும் அரசாங்கம் வீடுவீடாக எண்ணவில்லை. தனுஷ்கோடிக்கு ஓரிரவில் நேர்ந்தது இக்கிராமங்களுக்கு முப்பதாண்டில் நேர்ந்தது என்றால் மிகையாகாது.

அரசாங்கம் எண்ணாததை நாம் எண்ணலாகும். இதற்குப் பெரும் பணமோ பட்டமோ வேண்டியதில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியும், பொறுமையும், பெரியோரிடத்துப் பணிவும் போதும். இளைஞர் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டியாரிடம் அமர்ந்து, அவர்கள் ஊரின் ஒரு தெருவையாவது, ஒரு லயத்தையாவது வீடு வீடாகக் கேட்டு எழுதுக. இன்ன வீட்டில் இன்னார் இருந்தார். அவர் தொழில் இது. எந்த ஆண்டில், எந்த வழியாய், எங்கே சென்றார். இன்று அவர் மக்கள் எங்குளர் என்று குறித்து வைக்குக. கோயிற் கிணறும் பாடசாலையும் சுடலையும் எங்கிருந்தன என்று ஒரு படமும் வரைக. பெரியோரும் ‘இதெல்லாம் எதற்கு?’ என்று தட்டிக் கழியாது, அறிந்தவற்றை அறிந்தபடி சொல்லியுதவ வேண்டும். ஓர் ஆண்டில் நம் அங்கத்தவர் பத்துப்பேர் பத்துத் தெருக்களை எழுதினாலும், அவை அழியாத செல்வமாகும்.

தனுஷ்கோடியில் அன்றிரவு மாண்டோரின் பெயர்களை இனி எவராலும் முழுமையாகச் சேர்க்க இயலாது. காலங் கடந்துவிட்டது. நம் ஊர்களுக்கோ அத்தகைய காலம் இன்னும் வந்துவிடவில்லை. கேட்டால் விடைசொல்லும் முதியோர் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் நம் கடன்.